ஒன்பதாவது பாட்டில்

தேவிப்பிரியாவுக்கு ஏழாம் மாதம் பதினாறு மாதங்கள் நடந்தது. வளைகாப்பு முடிந்து சித்திரைக் கடைசியில் திருத்தணிக்குத் தாய்வீடு வந்தவள், அங்கிருந்தபடியே இரண்டு ஆடிக் கிருத்திகை பார்த்தாள். பூக்காவடிகள் இரண்டு வருஷமும் தெருவோடு போயின, வெயில் வந்தது, மழை வந்தது, அவள் வயிறு மட்டும் அதே அளவில் நின்றது. கையில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து இடது கையில் மூன்றுதான் மிச்சம். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒவ்வொரு முறையும் இருபத்தெட்டு வாரம், ஒரு கிலோ நூறு கிராம், இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். முதலில் தேதி தப்பு என்றார்கள். பிறகு மிஷின் தப்பு என்றார்கள். அதற்குப் பிறகு எதுவும் சொல்லாமல் அடுத்த மாதம் வரச்சொன்னார்கள்.

இத்தனைக்கும் காரணம் பாசம்தான். தேவிப்பிரியாவின் அம்மா சுலோச்சனா, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தக்காளி தக்காளி என்று உயிரை விடுகிறாளே, ஆடி மாதம் விலை ஏறினால் என்ன செய்வது என்று யோசித்தாள். வீட்டுக்குப் பின்னால் அவள் புருஷன் கண்ணையன் போட்ட நாட்டுத் தக்காளி, வெயிலில் வாடிக் கடைசிக் காய்ப்பில் இருந்தது. செல்போனில் ஒரு வீடியோ பார்த்து, பழத்தைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வேகவைத்து மூடினால் வருஷக்கணக்கில் கெடாது என்று கற்றுக்கொண்டாள். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் மருமகன் தணிகைமணி ஒன்பது பாட்டிலும் புது இரும்பு மூடியும் வாங்கி வந்து கொடுத்தான். அண்டாவின் அடியில் பழைய துணியை மடித்துப் போட்டு, பாட்டில்களை நிறுத்தி, மூடி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, முப்பத்தைந்து நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும். எடுத்து ஆறவிட்டால் ஒவ்வொரு மூடியும் டொக் என்று நடுவில் உள்வாங்கும். அந்தச் சத்தம் வந்தால் காற்றுப் புகவில்லை என்று அர்த்தம்.

எட்டு பாட்டில் நிறைந்துவிட்டது. ஒன்பதாவது மட்டும் மூன்று விரற்கடை குறைந்தது. வாயிலிருந்து ஒரு விரல் இடம்தான் விடலாம், அதற்கு மேல் காற்று இருந்தால் எல்லாம் பாழ் என்று வீடியோவில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சுலோச்சனா தோட்டம் முழுக்கத் தேடினாள். ஒரு செடியில் ஒரே ஒரு பழம், காம்பில் சிவப்புத் துணி கட்டித் தொங்கியது. அது விதைக்கு விட்ட பழம். வருஷா வருஷம் கண்ணையன் நல்ல பழமாகப் பார்த்துத் துணி கட்டி விடுவார். யாரும் பறிக்கக் கூடாது. செடியிலேயே முற்றிக் கனிந்து, அதன் விதைதான் அடுத்த வருஷத்துத் தோட்டம். இருபத்திரண்டு வருஷமாக இப்படி வந்த தக்காளி அது. சுலோச்சனா துணியை அவிழ்த்துவிட்டுப் பழத்தைப் பறித்து பாட்டிலில் போட்டாள். புருஷன் கேட்டபோது அணில் தின்றுவிட்டது என்று சொன்னாள். அவரும் அணிலைத் திட்டிவிட்டு விட்டுவிட்டார். குடித்தனம் நடத்துகிறவர்களில் இப்படி ஒரு பொய் சொல்லாதவர் யார்?

மறுநாள் அந்த வீட்டில் தோசை மாவு புளிக்கவில்லை. புரை ஊற்றிய பால் தயிராகாமல் பாலாகவே இருந்தது. கோழி இருபத்தொரு நாள் தாண்டியும் முட்டை மேலேயே உட்கார்ந்திருந்தது. உடைத்துப் பார்த்தால் முட்டை அன்று இட்டது போல இருந்தது. பழையதில் கொஞ்சம் எடுத்து வைத்துப் புதியதைத் தொடங்கும் காரியம் எதுவும் அங்கே நடக்கவில்லை. எட்டு பாட்டில் தக்காளியும் தின்று தீர்ந்தது, ருசியில் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவதைத் திறக்க மட்டும் சுலோச்சனாவுக்குக் கை வரவில்லை. மூன்றாவது ஸ்கேனும் இருபத்தெட்டு வாரம் என்று வந்த அன்று, அவள் பரண் மேலிருந்து அந்த பாட்டிலை இறக்கிக் கண்ணையன் முன்னால் வைத்து உண்மையைச் சொன்னாள்.

"வேக வச்சியா?" என்று கேட்டார் கண்ணையன்.

"ஆங். முப்பத்தஞ்சு நிமிஷம்."

அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். வெந்த விதை முளைக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டிலைத் திறந்தால் நின்றுபோனது நகரும், சரி, எந்தப் பக்கம் நகரும்? மூடியிருக்கும் வரைக்கும் உள்ளே இதயம் அடித்துக்கொண்டாவது இருக்கிறது. அவர்கள் பயந்தார்கள். பயந்துகொண்டே ஒரு வருஷம் ஓட்டினார்கள். பாட்டிலை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள், பூனை தட்டிவிடுமோ என்று பூனையைக் கொண்டுபோய் அடுத்த ஊரில் விட்டார்கள், பட்டாசுச் சத்தத்தில் விரிசல் விடுமோ என்று தீபாவளி முழுக்க சுலோச்சனா பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தணிகைமணி வாராவாரம் ரயிலேறி வந்து பெண்டாட்டியின் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டுப் போனான். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் மட்டும் வாசலில் நின்று "இன்னும் ஆவலியா?" என்று தினம் கேட்பாள். அவளை யாராவது நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது ஆவணி பிறந்ததும் மூடி உப்ப ஆரம்பித்தது. உள்வாங்கியிருந்த நடு, முதலில் சமமானது, பிறகு மெல்ல மேடிட்டது. மூடி உப்பினால் உள்ளே இருப்பது கெட்டுவிட்டது, தொடாமல் தூக்கி எறியுங்கள் என்று அதே வீடியோவில் சொல்லியிருந்தது சுலோச்சனாவுக்கு மறக்கவில்லை. அவள் மூடியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அது மறுபடி எழும்பும். மூடிக்கு மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கப் போனபோது தேவிப்பிரியா தடுத்தாள்.

"எத்தினி நாளிக்கிம்மா இத்த அழுத்திப் புடிச்சிகினு இருப்ப? தானா வெடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது. நானே தெறக்குறேன்."

"வேணாம்டி. இருக்குற உசிராவது இருக்கட்டும்."

"இருக்குது. ஆனா வரலியே" என்றாள் தேவிப்பிரியா. பிறகு அப்பாவைப் பார்த்து, "நைனா, ஆட்டோ கூட்டியாங்க" என்றாள்.

காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து அவள் மூடியைத் திருகினாள். தணிகைமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். டொக் என்று சத்தம் கேட்டது. பக்கத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அந்தக் கணமே வயிறு அசைந்தது. மிச்சமிருந்த இரண்டு மாதமும் நான்கு மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. நர்ஸ் சுசித்ரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு பெருத்துக் கீழே இறங்கியது, புடவைக் கொசுவம் தானாக அவிழ்ந்தது, பனிக்குடம் உடைந்தது. சுலோச்சனா வெளியே சுவரோடு நின்று, மலையைப் பார்த்துக் கும்பிடக்கூடப் பயந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எதைக் கேட்டாலும் எதிராக நடந்துவிடும் என்று தோன்றியது.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். அழவில்லை. வாங்கிய சுசித்ரா ஐயோ என்று குழந்தையைத் துணி மேல் வைத்துவிட்டுத் தன் கையை உதறினாள். அவ்வளவு சூடு. கொதிக்கிற அண்டாவிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல இருந்தது. ஐஸ் வைத்தார்கள், ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், ஏழு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை, நோய் இல்லை, குழந்தை நன்றாகப் பால் குடித்தது, சூடு மட்டும் இறங்கவில்லை. எட்டாம் நாள் பெரிய டாக்டர், இதன் உடம்பு இப்படித்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பாட்டிலில் இருந்த விதைகளைக் கண்ணையன் அலசி எடுத்துத் தொட்டியில் விதைத்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்தத் தக்காளி இப்போது எங்கேயும் இல்லை.

குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பேர் அம்சா. மழைக்காலத்தில் கோவிந்தம்மாள் ஈர ஜாக்கெட்டை அதன் முதுகில் போட்டு உலர்த்திக்கொண்டு போகிறாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பால்வாடியில் மற்ற பிள்ளைகள் மார்கழியில் அதைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். சுலோச்சனா மட்டும் அடுப்படியில் இருந்தாலும், கடையில் இருந்தாலும், அரை மணிக்கு ஒரு தரம் ஓடி வந்து அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். கை சுட்டால்தான் அவளுக்கு மூச்சு வருகிறது.