நாலாம் விதி

ஈராண்டுக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், சேலத்து வைத்தியர் சங்கம் கூடித் தன் தொற்றுநோய் விதிகளைத் தூசி தட்டிப் பார்க்கும். தட்டுவதோடு சரி. காப்பி வந்ததும் எல்லா விதியும் அப்படியே நிலைத்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷக் கூட்டத்தில் டாக்டர் சண்முகவேலுக்கு மாலை போடவும் ஏற்பாடாகியிருந்தது. அவர் எழுதிய நாலாம் விதிதான் செவ்வாய்ப்பேட்டையில் அம்மையை ஒழித்தது என்று பேச்சு.

விதி இதுதான்: வாசலில் வேப்பிலை செருகிய வீட்டை அன்றே நகரசபைக்கு எழுத வேண்டும், நோயாளியை ஊருக்கு வெளியே கொட்டகையில் சேர்க்க வேண்டும், உறவினர் கூடப் போகக் கூடாது. மறு வருஷமே நெசவாளர் சந்துகளில் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. மனிதர் பூரித்துப் போயிருந்தார்.

கூட்டத்தன்று காலை, அந்தச் சந்து ஒன்றில் ஒருவருக்கு இருமல் பார்த்துவிட்டுத் திரும்புகையில் பக்கத்து வீட்டில் குழந்தை அனத்துவது கேட்டது. உள்ளே போனார். தறிக்குப் பின்னால் வாழையிலையில் ஐந்து வயதுப் பெண், உடம்பெங்கும் முத்து. முன்னறையில் நூல் வாங்க வந்த இருவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விரட்டிவிட்டுத் தாய் உண்ணாமலையிடம் பாய்ந்தார்.

"வேப்பிலை ஏம்மா செருகல? இருந்தா இவங்க உள்ளே கால் வைப்பாங்களா?"

"சொருவுனா கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க சாமி. மூத்தவள அப்படித்தானுங்க கொண்டுபோனாங்க. தண்ணி கேட்டாளோ, என்னையக் கேட்டாளோ... பொணமாத்தான் குடுத்தாங்க. இந்தச் சந்துல இப்ப யாருமே சொருவறதில்லீங்க."

சண்முகவேலுக்கு அப்போதுதான் புரிந்தது. 'உள்ளே வராதே' என்று ஊருக்குச் சொல்லிவந்த ஒரே அடையாளத்தை அவர் பேனாவே பிடுங்கிப் போட்டிருந்தது. அம்மை எங்கும் போகவில்லை, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"இவளயும் எழுதிக் குடுத்துருவீங்களா?"

விதிப்படி பொழுது சாய்வதற்குள் எழுதித்தான் ஆக வேண்டும். கூட்டம் என்ன முடிவெடுக்குமோ தெரியாமல் வாக்குக் கொடுக்க அவர் விரும்பவில்லை. "சாயங்காலம் வாரேம்மா" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்தில் மாலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நாலாம் விதி தப்பு. தப்பு என்னுடையது."

"எழுதியவரே இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்காதா?" என்றார் தலைவர் சரவணமுத்து.

"சிரிக்கட்டும் ஐயா. பெற்றவளைப் பிரிக்கும் விதி இருக்கிறவரை ஒருத்தியும் நம்மிடம் நோயைக் காட்டமாட்டாள்."

மூன்று மணி நேரம் மல்லுக்கு நின்றார். காப்பி ஆறிப்போனது. கடைசியில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் விதி மாறியது: கொட்டகைக்குத் தாயும் போகலாம், வசதி இருந்தால் வீட்டிலேயே தனியே வைத்துப் பார்க்கலாம். மனிதர் குழந்தையைப்போலச் சந்தோஷப்பட்டார். குதிரை வண்டி பிடித்துச் சந்துக்குப் பறந்தார்.

வீடு பூட்டியிருந்தது.

"நீங்க போன கையோட புள்ளையத் துப்பட்டியில சுத்தி எடுத்துக்கிட்டு மோட்டார் பஸ் ஏறிட்டாளுங்க" என்றாள் எதிர்வீட்டுப் பழனியம்மாள். "எருமப்பட்டியில அவங்க ஆத்தா ஊடு."

மோட்டாரில் எத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், எத்தனை கைக்குழந்தைகள் இருந்திருக்கும்! ஆனாலும் அவள்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"விதிய மாத்திட்டோம்மா. அவளும் கூட இருக்கலாம்னு மாத்திட்டோம். வாரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"மூத்தவளப் பாக்க வந்தவரும் 'சாயங்காலம் வாரேன்'னுதானுங்க சொல்லிட்டுப் போனாரு. கொட்டாய் வண்டியோடதான் திரும்பி வந்தாரு."

சண்முகவேல் எருமப்பட்டிக்கு அடுத்த மோட்டார் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.