பதில் கும்பிடு

ஒரு நாட்டின் எல்லையை மலையும் நதியும் மக்கள் பேசும் மொழியுமே தீர்மானிக்கின்றன. மனிதர்கள் அந்தத் தீர்ப்பைத் தலைகுனிந்து எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். வரவேற்புக் கமிட்டிச் செயலாளர் வேதாந்தம் இந்த வாக்கியத்தை ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று விசாரிக்க வரும் கமிஷன் சேர்மனுக்கு மாலை போடும்போது சொல்ல வேண்டியது. ஆனால் விசாரணைக்கென்று சித்தூரில் வாடகைக்கு எடுத்த பழைய ஜமீன் பங்களாவின் மாடி ஜன்னல்களில் வௌவால் எச்சம் காய்ந்து கிடந்தது. மலையும் தெரியவில்லை, மக்களும் தெரியவில்லை. ஆகவே முதலில் கண்ணாடி துடைக்க ஆள் தேட வேண்டியதாயிற்று.

ஆள் திருப்பதியில் கிடைத்தது. துலுக்காணமும் அவன் பெண்சாதி செங்கம்மாவும் பாலசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். கிணறு வற்றிய வருஷம் ஊரை விட்டுப் போனவர்கள், திருப்பதியிலும் திருச்சானூரிலும் சத்திரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தும் கண்ணாடி துடைத்தும் பிழைத்துவந்தார்கள். அவர்கள் வேலை செய்யும் முறை ஒன்றுதான். அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் இறங்குவான். கயிற்றின் மறுமுனையை அவள் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். வெளியிலிருந்து ஒரு இழுப்பு வந்தால் தளர்த்த வேண்டும். இரண்டு வந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

"இன்னொரு ஆம்பளையைக் கூட்டிண்டு வரப்படாதா?" என்று வேதாந்தம் கேட்டார்.

"ஆம்பளைன்னா பீடி பத்த வைக்கச் சொல்லோ கயித்த உட்டுடுவான் சாமி," என்றான் துலுக்காணம். "இவளுக்கு அந்தப் பழக்கம் இல்ல."

"வெத்தல போடுவேன்," என்றாள் செங்கம்மா. "அதுக்குக் கை வேணாம். வாயிலயே கெடக்கும்."

விசாரணை நாள் காலையில் கடைசி இரண்டு ஜன்னல்கள் பாக்கி இருந்தன. ஒரு முழம் கூட இல்லாத காரை விளிம்பு, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெளிப்பக்கம் சரித்துக் கட்டியது. துலுக்காணம் ஜன்னல் சட்டத்தை இடது கையால் பற்றிக்கொண்டு, ஈரம் செய்த பழைய பேப்பரை வலது கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். உள்ளே நின்ற வேதாந்தம் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"டேய், டேய்! அது சேர்மன் படம் போட்ட பக்கம்டா!"

துலுக்காணம் பேப்பரைத் திருப்பிப் பார்த்தான். "படம் போட்ட பக்கந்தான் சாமி நல்லா தொடைக்குது. மை ஜாஸ்தி."

அந்த ஹாலின் நடுவே மேஜை கிடந்தது. பச்சைப் பட்டு விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. அதன் மேல் வெள்ளிக் கூஜா, ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு வரைபடம். பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். விரிப்புக்குக் கீழே இருந்தவை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நான்கு மேஜைகள். ஒன்றுக்குக் கால் ஆடியதால் அடியில் செங்கல் வைத்திருந்தார்கள்.

பியூன் நாகபூஷணம் மாடிப்படியில் இரைக்க இரைக்க ஓடிவந்தான். "சாமி, துரகாரு ஒச்சேசாரு! கார் வந்துட்டுது! படி ஏறுறாங்க!"

ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். துலுக்காணம் நின்றிருந்தது கடைசி ஜன்னலுக்கு வெளியே. அது திறக்காத ஜன்னல். திறக்கக்கூடிய ஒரே ஜன்னல் சேர்மனின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அவன் உள்ளே வருவதென்றால் சேர்மனின் தோளுக்கு மேல் காலைப் போட்டுத்தான் வர வேண்டும். ஏணி கீழே வாசலில் வரவேற்புத் துணியின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

வேதாந்தம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அங்கேயே நில்லுடா. மூச்சு விடாதே!" திரும்பி செங்கம்மாவைப் பார்த்தார். "நீ போ, போ! பின் வாசல் வழியாப் போ!"

"எப்டி சாமி போவேன்? கயித்தோட அந்தாண்ட அந்தாளு கீறாரு."

"கயித்தை மேஜைக்காலில் கட்டிட்டுப் போயேன்!"

"ஆடுற காலு சாமி அது. கோழியக்கூட கட்ட மாட்டேன்."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வேதாந்தம் விரிப்பைத் தூக்கினார். செங்கம்மா கயிற்றோடு மேஜைக்குள் புகுந்தாள். விரிப்பு விழுந்தது. கயிறு அவள் இடுப்பிலிருந்து சேர்மன் நாற்காலியின் ஓரமாகத் தரையில் ஓடி, சுவர் ஏறி, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போயிற்று.

சேர்மன் வந்து மாலையை வாங்கிக்கொண்டார். எல்லை பற்றிய வாக்கியத்தில் பாதியைக் கேட்டார். அண்மையில் கண்ணுக்குச் சிகிச்சை செய்துகொண்டதால் வெளிச்சம் ஆகாது என்று சொல்லி, திரைகளை இழுத்து மூடச் சொன்னார். துடைத்த கண்ணாடிகள் அத்தனையின் மீதும் திரை விழுந்தது.

மேஜைக்கு அடியில் பச்சை இருட்டு. செங்கம்மா ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்து, சேர்மன் பக்கத்து மேஜைக்கால்கள் இரண்டிலும் பாதங்களை ஊன்றிக்கொண்டாள். அவளைச் சுற்றிக் கால்கள். கறுப்புப் பூட்ஸ்கள், பழுப்புப் பூட்ஸ்கள், கோவிலுக்குப் போகிறவர் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒருவரின் வெறுங்கால். தலைக்கு மேலே இங்கிலீஷ் ஓடியது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊர்ப் பெயர்கள் மட்டும் தண்ணீரில் கல் போலத் தனியாகத் தெரிந்தன. நகரி. புத்தூர். சத்தியவேடு. ஒரு தடவை, யாரோ பேப்பரைப் புரட்டிவிட்டு, பாலசமுத்திரம் என்றார். செங்கம்மாவுக்கு உடம்பு புல்லரித்தது. அவளுடைய ஊரின் பெயர் அவ்வளவு பெரிய வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததில்லை. அதற்குள் பெயர் போய்விட்டது. வேறு ஊர் வந்துவிட்டது.

சேர்மன் காலை நீட்டினார். பூட்ஸ் கயிற்றின் மேல் பதிந்தது. இப்போது துலுக்காணம் இழுத்தால் செங்கம்மாவுக்குத் தெரியாது. அவள் ஒரு கையை விடுவித்து, தூங்கும் பிள்ளையின் காலை நகர்த்துவது போல, அந்தப் பூட்ஸை மெல்லத் தூக்கி அப்பால் வைத்தாள். மேலே பேச்சு ஒரு கணம் தடைப்பட்டது. பிறகு சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் காலை நீட்டவே இல்லை.

வெளியே வெயில் ஏறியது. துலுக்காணத்தின் கண்ணுக்கு முன்னால் ஊர் முழுக்க விரிந்து கிடந்தது. ஓட்டுக்கூரைகள், புளிய மரங்கள், அப்பால் பாறைகளை அடுக்கி வைத்தது போலக் குன்றுகள். எது ஆந்திரா, எது மதராஸ் என்று தெரியாமல் எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தது. அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். சத்திரம் கட்டினவர்கள் யாரும் இவ்வளவு உயரத்தில் ஜன்னல் வைத்ததில்லை.

கீழே மனுக் கொடுக்க வந்த கூட்டம். போலீஸ் அவர்களை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தது. ஒரு பக்கம் தமிழ் அட்டைகள், மறு பக்கம் தெலுங்கு அட்டைகள். அப்பாவு என்ற மாட்டுத்தரகர்தான் முதலில் அண்ணாந்து பார்த்தார்.

"தோ, மேல யாரோ நிக்கிறாம்ப்பா!"

"இடுப்புல கயிறு கட்டிக்கினு கீறான்."

"உயிர உடப்போறான்பா! எல்லைக்காவ!"

"நம்மாளா, அவுங்காளா?"

"நம்மாளுதான். மூஞ்சப் பாத்தா தெரில?"

"மனவாடே!" என்று அந்தப் பக்கமும் உரிமை கொண்டாடினார்கள்.

கோஷம் எழவில்லை. இரண்டு பக்கமும் மெல்ல அடங்கிப்போயிற்று. ஏணியைக் கொண்டுவரச் சொல்லித் துலுக்காணம் கையை ஆட்டினான். கூட்டமும் கையை ஆட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

புத்தூர் மிராசுதார் வேதாச்சலம் முன் வரிசையில் நின்றிருந்தார். துலுக்காணத்தைப் போன்றவர்களிடம் வண்டியில் உட்கார்ந்தபடி, அவர்கள் பக்கம் திரும்பாமல் பேசிப் பழக்கப்பட்டவர். அவர் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். அவரைப் பார்த்து அப்பாவு கூப்பினார். பிறகு தமிழ் அட்டைகளும் தெலுங்கு அட்டைகளும் தரையில் விழ, அத்தனை கைகளும் குவிந்தன.

துலுக்காணத்துக்குக் கும்பிட்டுத்தான் பழக்கம். யாரும் அவனை முதலில் கும்பிட்டதில்லை. இவ்வளவு பெரிய மனிதர்கள் கும்பிடும்போது சும்மா நிற்பது எப்படி என்று கூசியது. ஒற்றைக் கையால் கும்பிடுவது மரியாதையில்லை. ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்த இடது கையை எடுத்தான்.

உள்ளே வக்கீல் லக்ஷ்மிநரசிம்மன் உச்சகட்டத்துக்கு வந்திருந்தார். எங்கள் மக்களின் கண்ணீருக்கு உயிரில்லாத பொருள்களும் அசைந்துகொடுக்கும் என்று இங்கிலீஷில் சொல்லிக் கையை ஓங்கினார்.

மேஜை அசைந்தது.

கயிறு இழுத்த வேகத்தில் செங்கம்மா தரையோடு முன்னே போனாள். பாதங்கள் மேஜைக்கால்களை உதைத்தன. நான்கு மேஜைகளும் விரிப்பும் வரைபடமும் வெள்ளிக் கூஜாவும் ஒரு சாண் நகர்ந்து சேர்மனின் வயிற்றில் முட்டி நின்றன. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. வாயிலிருந்த வெற்றிலையோடு நாக்கையும் கடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. கயிறு நின்றது.

ஹாலில் லக்ஷ்மிநரசிம்மன் ஓங்கிய கையை இறக்க மறந்து நின்றார். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார். அதே நேரத்தில் வெளியே கூட்டம் ஓவென்று அலறியது. மக்களின் குரல், என்றார் லக்ஷ்மிநரசிம்மன், தாழ்ந்த குரலில். சேர்மன் வயிற்றைத் தடவிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

செங்கம்மா பிடித்துக்கொண்டே இருந்தாள். கயிற்றின் முனையில் ஒரு முழு மனிதனின் கனம். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு, திடீரென்று, கனம் போய்விட்டது.

மெல்ல இழுத்துப் பார்த்தாள். கயிறு லேசாக வந்தது. யாரோ அவிழ்த்திருக்கலாம். முடிச்சு அவிழ்ந்தும் போயிருக்கலாம். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் காத்திருந்தாள். பதில் இல்லை. தலைக்கு மேலே திருத்தணி என்றார்கள், இன்னும் எத்தனையோ ஊர்களைச் சொன்னார்கள். பூட்ஸ்களுக்கு நடுவே, வெறுங்கயிற்றை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு வேளை வரும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள்.

கால்கள் எல்லாம் போன பிறகு அவள் வெளியே வந்தபோது வேதாந்தம் திடுக்கிட்டார். "நீ இன்னுமா இங்கே இருக்கே?" அவள் விரல்கள் விரியவில்லை. மூடிய கைகளோடு படியிறங்கி ஓடினாள்.

துலுக்காணம் வாசலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். கூட்டம்தான் ஏணியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவனை இறக்கியிருந்தது. வரவேற்புத் துணி சாக்கடையில் கிடந்தது. அவன் கழுத்தில் யாருக்கோ கொண்டுவந்த சாமந்தி மாலை, கையில் சோடா. இடுப்பைச் சுற்றிக் கயிற்றுத் தடம் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு காலை அசைக்க முடியவில்லை.

மிராசுதார் வேதாச்சலம் குனிந்து கேட்டார். "நீ எந்தக் கட்சிப்பா? எந்த ஊருக்காவ இந்தத் தியாகம்?"

"கண்ணாடி தொடைக்க வந்தன் எசமான்."

வேதாச்சலம் நிமிர்ந்தார். இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு கூட்டம் கலைந்தது. அப்பாவு மட்டும் திரும்பி வந்து காலி சோடா புட்டியை வாங்கிக்கொண்டு போனார். கடைக்குக் கொடுக்க வேண்டியது.

செங்கம்மா புருஷனின் முதுகில் முஷ்டியால் குத்தினாள். "கைய எதுக்குய்யா உட்ட? எதுக்கு உட்ட?"

"கும்பிட்டாங்கடி."

"கும்பிட்டா?"

"அம்மாம் பேரு கும்பிடச் சொல்லோ நான் எப்டி சும்மா நிக்கறது?"

அவள் அவனையே பார்த்தாள். கழுத்திலிருந்த மாலையைப் பார்த்தாள். "மெய்யாவா? உன்னியவா கும்பிட்டாங்க?" என்றாள். பிறகு, "அடுத்த தபா தலைய ஆட்டு. அது போதும்," என்றாள்.

சாயங்காலம் வேதாந்தத்திடம் போய் நின்றாள். "சாமி, உள்ள செவுத்துல ஒரு இரும்பு வளையம் அடிச்சுக் குடுங்க. கயித்த அதுல கட்டிக்கிறோம். நான் ஒருத்தி எம்மா நேரம் புடிப்பேன்? மேஜகூட நகந்துபூட்டுது."

வேதாந்தம் யோசனையில் ஆழ்ந்தார். "ஆமாம். மேஜை நகர்ந்துடுத்து," என்றார்.

கமிட்டி கூடியது. அடுத்த அமர்வில் இப்படி நடந்தால் ஜில்லாவின் மானம் போய்விடும் என்று எல்லோரும் பேசினார்கள். பள்ளிக்கூட மேஜைகள் திருப்பி அனுப்பப்பட்டன. எவராலும் எதனாலும் அசைக்க முடியாத மேஜை ஒன்றுக்குத் திருப்பதியில் தேர் செய்யும் ஆசாரியிடம் சொல்லப்பட்டது.

இரண்டாம் அமர்வுக்கு முந்தின நாள் அது லாரியில் வந்து இறங்கியது. ஒவ்வொரு காலும் ஒரு யாளி. பலகை விளிம்பெல்லாம் அன்னமும் கொடியும். தெருவில் போன பெண்கள் நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சுமை தூக்குகிறவர்கள் கோவிந்தா கோவிந்தா என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு படியாக அதை மாடித் தாழ்வாரம் வரை ஏற்றினார்கள்.

ஹால் காலியாக இருந்தது. துலுக்காணம் ஒரு காலை இழுத்து இழுத்து வெளி விளிம்பில் நடந்து, முதல் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். உள்ளே செங்கம்மா வெறுந்தரையில் உட்கார்ந்து, ஜன்னலுக்குக் கீழே சுவரில் இரண்டு குதிகால்களையும் ஊன்றியிருந்தாள். கயிறு அவள் இடுப்பில் ஒரு சுற்று. உள்ளங்கைகளில் தோல் இன்னும் சரியாக மூடவில்லை என்பதால் பழந்துணி சுற்றியிருந்தாள். தாழ்வாரத்தில் இப்படித் திருப்பு, அப்படிச் சாய் என்று நெடுநேரம் குரல்கள் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாலின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து ஆசாரிக்கு அனுப்பியிருந்தார்கள். கதவை யாரும் அளக்கவில்லை. மேஜை உள்ளே நுழையவில்லை.