சிவப்பு எண் போட்ட மணி

துறையூர் வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகம் மொத்தமே இரண்டு அறைதான். செயலாளர் லூர்துராணி டீச்சர் ஓய்வு பெற்ற பின்னும் கே.கே. நகரிலிருந்து தினம் பஸ் ஏறி வருகிறவர். உடைந்த ஓட்டுச் சில்லுக்குக்கூடச் சிவப்புப் பெயின்டில் எண் எழுதிவிடுவார். எண் இல்லாததை ஒரு பொருளாகவே மதிக்கமாட்டார்.

அன்று காலை கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் திறந்தவர் துணியைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். உள்ளே இருந்த கைமணியில் 47 என்ற சிவப்பு எண்! அது பக்கத்து ஊர்க் கருப்பசாமி கோயில் மணி. பூசாரி மூக்கன் இரவலாகக் கொடுத்தது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு அசல் ஊருக்குப் போகும். அப்போது அரியமங்கலம் பட்டறையில் வார்த்த, எண் போடாத நகல் பெட்டியில் இருக்கும். நேற்று எண் உள்ளதைத்தான் மூக்கன் கையில் கொடுத்ததாக டீச்சருக்கு ஞாபகம். அதற்குள் போன் வந்தது. பேசிவிட்டு வந்து, மேசையில் மிஞ்சியிருந்ததைப் பார்க்காமலே பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"சாமி மணிக்கு ஒரு குறையும் வராது" என்று ஊர்க்கூட்டத்தில் மாதா மேல் ஆணையிட்டு வாங்கிய மணி. மதியம் பூஜை. ஊர் மன்னித்தாலும் தன்னால் தன்னை மன்னிக்க முடியாது. மணியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

கோயில் வாசலில் மூக்கனும் அவர் மனைவி வள்ளிக்கண்ணுவும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிருங்க மூக்கன். மணியை மாத்திக் கொடுத்துட்டேன்."

"தெரியுங்க டீச்சர்." மூக்கன் சிரித்தார். "அங்கயே ஆட்டிப் பாத்தேன். நம்ம மணிச் சத்தம் இல்ல. நீங்க போன்ல இருந்தீங்க. தொந்தரவு பண்ணுவானேன்னு அதை வச்சிட்டு மத்ததை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"நம்பர் இதுலதானே இருக்கு?"

"போன வருஷம் நம்ம மணியிலதான் இருந்துச்சு. இவ புளி போட்டுத் தேச்சதுல போயிருச்சு."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் திருவிழா முடிந்து திரும்பி வந்த மணி பளபளவென்று இருந்ததால் அதை நகல் என்றும், பெட்டியில் மங்கிக் கிடந்ததை அசல் என்றும் நினைத்து, எண் அழிந்துவிட்டதென்று அதில் புதிதாக எழுதியவர் அவரேதான். ஒரு வருஷமாக ஊருக்கெல்லாம் நகலைக் காட்டிப் பெருமையாகப் பேசியிருக்கிறார்!

மூக்கன் சன்னிதியிலிருந்து அசலை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினார். அந்தக் கணீர் சத்தத்தில் டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. அங்கேயே உட்கார்ந்து, பையிலிருந்த மணியை எடுத்து அந்த 47ஐ நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

மூக்கன் பொங்கல் பானைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வள்ளிக்கண்ணு, டீச்சருக்குக் கொஞ்சம் புளி கொண்டா!"