குலைக்கொட்டிலில் கொழுந்து

கொழுந்தைக் குலைக்கொட்டிலில் விட்டுப் பூட்டியது அவளைப் பெற்ற தகப்பன்தான். நமசிவாயம் ஆமைப்பூட்டைப் போட்டு, இரண்டுதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் திறப்பை மடியில் செருகினார். வாழைக்குலை பழுக்கப் போடுகிற கொட்டில் அது. சன்னல் கிடையாது, கூரை தகரம். உள்ளே பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம். பழம் தீரும்வரை அவள் சத்தம் போடமாட்டாள் என்பது அவருடைய கணக்கு.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி அது. சண்டை திரும்பவும் தொடங்கி, அரசாங்க ஹெலிகொப்டர் வருகிறதா என்று ஆகாயத்தைப் பார்த்துப் பார்த்து நீர்வேலிச் சனத்துக்குக் கழுத்துப் பிடித்துப்போயிருந்தது. ஆனாலும் கலியாணப் பேச்சு நிற்கவில்லை. மூத்தவள் அருமைநாயகியைப் பார்க்க உடுவிலில் இருந்து பஞ்சலிங்கத்தார் குடும்பம் வருகிறது. வீட்டில் ஒரே பெண் என்று தரகர் மூலம் சொல்லியாகிவிட்டது. எங்கள் ஊரில் காணியையும் நகையையும் பிறகு கேட்பார்கள், முதலில் கேட்பது இரத்தத்தில் ஏதும் நோய், வருத்தம் உண்டா என்றுதான்.

புருசனுக்கு எதிராக வாய் திறக்கிற பழக்கத்தைத் தாய் ஞானாம்பிகை எப்போதோ விட்டுவிட்டாள்.

கொழுந்து பிறந்தபோது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. பிள்ளையின் கண்ணையும் நாக்கையும் பார்த்த டொக்குத்தர் கொழும்புக்கு இரத்தம் அனுப்பினார். மறுமொழி வந்ததும் புருசன் பெண்சாதி இரண்டு பேரையும் இருத்தி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். தாயின் முட்டை உண்டாகும்போது நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், சோடி சோடியாகப் பிரிய வேண்டும். இருபத்தோராவது சோடி மட்டும் பிரியாமல், இரண்டுமே ஒரே முட்டைக்குள் போயிருக்கும். தகப்பனுடையதும் சேர, இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, அதனால்தான் பிள்ளைக்குப் புத்தி மெதுவாக வளரும். தாய்க்கு வயது ஏற ஏற இது கூடுதலாக நடக்கும். ஆனால் ஒருவருடைய குற்றமும் இல்லை, இந்தப் பிள்ளைக்கு இது பரம்பரையாக வந்ததும் இல்லை, மூத்தவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

இத்தனையிலும் நமசிவாயத்தின் காதில் ஏறியது முட்டை என்ற ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்ததும் வாசல் படலையைச் சாத்திவிட்டுப் பெண்சாதியை அடித்தார். பிறகு அது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. வாழைக்குலைக்கு விலை இறங்கினால் அடி, கொழுந்து தெருவில் ஆட்களைக் கண்டு சிரித்தால் அடி. ஞானாம்பிகைக்கு ஒரு பல் போனது, இடது காது மந்தமானது. கொடுமை என்னவென்றால் அவளும் அதை நியாயம் என்றே நம்பினாள். முட்டை தன்னுடையதுதானே, வாங்கத்தான் வேண்டும் என்று வாங்கினாள். படித்த மனிசன் குற்றமில்லை என்று சொன்னது அவள் மண்டையில் ஏறவேயில்லை.

வந்தவர்கள் பலகாரத்தில் கைவைத்த நேரம் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலி வந்தது. எல்லாரும் விழுந்தடித்து வாழைகளுக்கு நடுவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினார்கள். ஞானாம்பிகை மெல்லிய குரலில் புருசனிடம் திறப்பைக் கேட்டாள். அவர் கேளாதவர் மாதிரி இருந்தார். மடிக்குக் கையைக் கொண்டுபோனாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். என்ன திறப்பு என்று மாப்பிள்ளையின் தாய் விசாரிக்க, அலுமாரித் திறப்பு, இந்த நேரத்திலும் இவளுக்கு நகையில்தான் நினைப்பு என்று சிரித்தார்.

ஹெலி தாழ்ந்து சுட்டது. வாழைகள் முறிந்து பங்கர் வாசலில் விழுந்தன. அடுத்த சுற்றில் தகரம் கிழிகிற சத்தமும் கொட்டிலுக்குள்ளிருந்து கொழுந்தின் அலறலும் ஒன்றாக வந்தன. ஞானாம்பிகை புருசனின் கையில் பல் இறங்கும்வரை கடித்தாள். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. திறப்பைப் பறித்துக்கொண்டு ஏறியவளின் முதுகில் அவர் உதைத்தார். அவள் வெளியே குப்புற விழுந்து, எழும்பி ஓடினாள்.

கொட்டிலின் கூரை குண்டு துளைத்து அரிதட்டு மாதிரி இருந்தது. கதவடியில் கொழுந்து கிடந்தாள். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் பெயர்ந்திருந்தது. வயிறு கிழிந்து குடல் சட்டைக்கு வெளியே வந்திருந்தது. ஞானாம்பிகை அதை இரண்டு கையாலும் உள்ளே தள்ளிப் பொத்திக்கொண்டு பிள்ளையை முற்றத்துக்குத் தூக்கி வந்தாள்.

ஹெலி போய்விட்டது. பங்கரிலிருந்து ஏறி வந்த பஞ்சலிங்கத்தார் சால்வையை அவிழ்த்துப் பிள்ளையின் வயிற்றில் இறுக்கிக் கட்டினார்.

"ஆற்றை பிள்ளை இது?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை. பழத்துக்கு வாறது" என்றார் நமசிவாயம்.

கொழுந்துக்கு இன்னும் மூச்சு இருந்தது. குரல் கேட்ட பக்கம் கையை நீட்டி, "அப்பா" என்றாள். முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. பஞ்சலிங்கத்தார் நமசிவாயத்தை நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய கையை யாரும் பிடிக்குமுன் அது விழுந்துவிட்டது. அருமைநாயகி சேலைத்தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு தூணோடு நின்றாள்.

அடுத்தநாள் பாடை கட்டினார்கள். ஊருக்குத் தெரியும் அது யாருடைய பிள்ளை என்று. பெண்கள் படலையோடு நிற்பது, ஆண்கள் சுடலைக்குப் போவது, பெற்ற தகப்பன் கொள்ளி வைப்பது, இதுதான் முறை. நமசிவாயம் தோய்ந்துவிட்டு ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியை எடுக்க வந்தார். படலையில் ஞானாம்பிகை குலை வெட்டுகிற கத்தியோடு நின்றாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் ஏன் கொள்ளி வைக்கிறியள்?"

அவருக்குக் கை தானாக ஓங்கியது, பழகின கை. அவள் வெட்டினாள். இரண்டு விரல்கள் புழுதியில் விழுந்தன. அவர் கையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார், அலறல் பிறகுதான் வந்தது. தனக்கு இது இவ்வளவு லேசாக வருமென்று ஞானாம்பிகைக்கே தெரியாது. பயம் வரவில்லை, கவலையும் வரவில்லை. பன்னிரண்டு வருசம் சும்மா வாங்கினேனே என்ற ஆத்திரம்தான் வந்தது.

அவள் கொள்ளிச்சட்டியைத் தூக்கினாள். பொம்பிளை சுடலைக்குப் போறதோ என்று ஊர்க் கிழவர் கந்தப்பு தொடங்கினார். மற்றக் கையிலிருந்த கத்தியைக் கண்டதும் வழிவிட்டார். பாடை தூக்கியவர்கள் அவளுக்குப் பின்னால் நடந்தார்கள்.

ஒழுங்கை தெருவில் முடிகிற இடத்தில் அருமைநாயகி ஓடிவந்து சேர்ந்தாள்.

"தங்கச்சி இல்லையெண்டு சொல்லுவம் எண்டு அப்பா கேட்க, நானும்தான் ஓமெண்டனான், அம்மா."

ஞானாம்பிகை அவளைத் தேற்றவில்லை. "தெரியும், நட" என்றாள்.