தரையைப் பற்றிப் பேசக் கூடாது

கிளம்பும் முன்பே என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். இரண்டு நாளும் நான் தரையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். போன வருடம் அவளுடைய சித்தப்பா மகள் கல்யாணத்தில், மண்டபத்துத் தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "உள்ள வெறும் காத்து. ஆறு மாசம் தாங்காது" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

"இது நம்ம வாண்டுக்காகப் போற பயணம். நீங்க தரையப் பாக்காதீங்க, நானும் யார் ஜாக்கெட் தையலையும் பாக்கல" என்றாள் மனைவி. அவள் தையல்காரி. நியாயமான ஒப்பந்தம்தான்.

வாண்டு எங்கள் மகள். பத்து வயது. போன வருடம் தீம் பார்க்கில் ராட்சத ரயிலின் வாசலில் ஒரு குறுக்குக் கம்பி அவள் தலைக்கு மேலே உரசாமல் போனது. நூற்று நாற்பது சென்டிமீட்டர் வேண்டும். "அடுத்த வருஷம் வா பாப்பா" என்றான் வாசல்காரன். அன்றிலிருந்து அவள் யாரும் சொல்லாமலே பால் குடித்தாள், கதவு நிலையில் தொங்கினாள், சமையலறைச் சுவரை பென்சில் கோடுகளால் நிரப்பினாள். அடுத்த வருஷம் என்பது நாளைக்கு.

ஓட்டலைப் பிடித்தது என் மச்சினன். பிஸ்கட் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வீட்டில் எல்லோரும் அவனை ஆபீசர் என்றுதான் கூப்பிடுவோம். அவன் அதைக் கிண்டல் என்று இதுவரை சந்தேகப்பட்டதில்லை. வாடகை கையைக் கடிக்காது, பார்க்குக்கு இலவச வேன், எல்லாவற்றுக்கும் மேலாக உயரச் சான்றிதழ்.

"ஓட்டல்லயே அளந்து, சீல் வச்சு, கார்டு குடுத்துடுவாங்க அத்தான். சிஸ்டம்னா அது சிஸ்டம்" என்றான்.

மேனேஜர் டை கட்டியிருந்தார். "இங்க விருந்தாளியே கிடையாது சார். எல்லாரும் எங்க குடும்பம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் பையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். குடும்பத்தில் நடப்பதுதான்.

குடும்ப அறை என்பது இரண்டு கட்டில், ஒரு சோபா. சோபாவை விரித்தால் படுக்கையாகும். விரிக்கும்போது யாரையோ கொலை செய்வதுபோல் கத்தும். குளியலறைக் கதவு பாதி திறந்து, தரையில் சிக்கி நின்றது. நான் பக்கவாட்டில் நுழைந்து, தொப்பையோடு மாட்டிக்கொண்டேன்.

"மூச்ச உள்ள இழுங்க" என்றாள் மனைவி.

அறைக் கதவின் அடிப்பாகத்தை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மனைவி திரும்பிப் பார்த்தாள். விழுங்கினேன்.

பிறகு கீழே வரவேற்பறையில் அளக்கும் வைபவம். சுவரோடு ஆணி அடித்த பலகையில் ஓர் ஒட்டகச்சிவிங்கி, அதன் கழுத்து நெடுக எண்கள். வாண்டு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மேனேஜர் அவள் தலையில் ஓர் அட்டையை வைத்து, கோயில் நடை திறப்பவர் போல நிதானமாகக் குனிந்து படித்தார்.

"நூத்தி நாப்பத்தி ஒண்ணு!"

வாண்டு போட்ட கூச்சலில் வேன் டிரைவர் உள்ளே ஓடி வந்தார். மேனேஜர் 'டப்'பென்று சீல் குத்தினார். ஆபீசர் அந்தச் சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விளிம்பு சரியாக விழுந்திருக்கிறது என்று பாராட்டினான்.

நான் ஒட்டகச்சிவிங்கியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்ததும் வாண்டு கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டாள்: "என்னாச்சு? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. நிபந்தனை இருக்கு."

"பரவால்ல, சொல்லித் தொலைங்க."

"குளம்பு இல்ல."

"என்னது?"

"ஒட்டகச்சிவிங்கிக்குக் குளம்பு இல்ல. பழைய தரைய உடைக்காம அது மேலயே புது டைல்ஸ் ஒட்டிருக்காங்க. தரை மேல ஏறிடுச்சு. கதவு இடிச்சுது, அறுத்துட்டாங்க. பலகைய யாரும் தொடல. அந்தத் தரையில நின்னா, நான்கூட ரெண்டு சென்டிமீட்டர் வளந்துடுவேன்."

வாண்டு என்னையே பார்த்தாள். "அப்பா, நீ அள."

என் கால்சட்டைப் பையில் டேப் எப்போதும் இருக்கும். சுவரோரம் நிறுத்தி அளந்தேன். இரண்டு முறை. நூற்று முப்பத்தொன்பது, அதற்குமேல் மூன்று சின்னக் கோடு.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கார்டை மெதுவாகக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"சீல் இருக்கு அத்தான்!" என்றான் ஆபீசர். "சீல் வச்ச சரக்க நீங்க எப்படித் தப்புன்னு சொல்லலாம்?"

அவனை இழுத்துக்கொண்டு கீழே போனேன். மேனேஜர் டையை நேராக்கிக்கொண்டார்.

"பன்னெண்டு வருஷமா இந்தப் பலகைதான் சார். ஆயிரக்கணக்கான குழந்தைங்களுக்குச் சான்றிதழ் குடுத்திருக்கோம்."

"அதுல எத்தனை குழந்தை ரயில்ல ஏறுச்சு?"

"அது பார்க் சம்பந்தப்பட்ட விஷயம். எங்க பொறுப்பு அளக்கறதோட முடிஞ்சுது."

மேலே வந்தபோது மனைவி கட்டிலில் வாண்டுவின் தலையை மடியில் வைத்திருந்தாள். கையில் ஆபீசர் தயாரித்த கால அட்டவணை.

"ரயில் எத்தனை மணிக்குப் போட்டிருக்க?" என்று தம்பியைக் கேட்டாள்.

"சாயங்காலம் நாலு இருபது. கடைசியா, கிளைமாக்ஸ் மாதிரி."

"மாத்து. காலையில கதவு திறந்ததும் அதுதான் முதல்ல."

"ஏன்க்கா?"

"பள்ளிக்கூட யூனிபார்முக்கு எத்தனை பிள்ளைங்கள அளந்திருக்கேன்? காலையில எடுத்த அளவும் சாயங்காலம் எடுத்த அளவும் ஒண்ணா இருக்காது. தூங்கி எழுந்தா பிள்ளைங்க ஒரு விரல்கடை நீளம். நின்னு, ஓடி, பை சுமந்தா அமுங்கிப் போகும். இவ இன்னிக்குப் பூரா பஸ்ல உக்காந்து வந்திருக்கா."

"அப்ப படகு, பேய் வீடு, பதினொண்ணே காலுக்கு ஜூஸ்..."

"அத்தனையும் கிழிச்சுப் போடு."

"லேமினேட் பண்ணியிருக்கேன்க்கா. கிழியாது."

மறுநாள் காலை வாண்டுவின் கால் தரையில் படவில்லை. படுத்தபடியே பல் தேய்த்தாள். படுத்தபடியே ரொட்டி தின்றாள். படுக்கை முழுக்க ஜாம். குளியலறைக்குப் போக வேண்டும் என்றபோது, நான் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதிக் கதவில் பக்கவாட்டாக நுழைந்ததை விவரிக்கப் போவதில்லை. பிறகு மூட்டை போல இரண்டு கையிலும் ஏந்திப் படியிறங்கினேன். என் இடுப்பு ஒரு சத்தம் போட்டது. சோபாவுக்கு அது பதில் சொன்னதாகத் தோன்றியது.

மேனேஜர் பதறினார். "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா சார்?"

"நல்லாத்தான் இருக்கா. நிக்கத்தான் விடல."

வேனின் பின்சீட்டில் அவளை நீட்டிப் படுக்க வைத்தோம். இடமில்லாமல் ஆபீசர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் கூரையில் தலையை முட்டிக்கொண்டே வந்தான். அவனுடைய உயரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பார்க் திறந்ததும் ஓடினோம். அதாவது மற்றவர்கள் ஓடினார்கள், நான் சுமந்தேன். ராட்சத ரயிலின் வாசலில் எங்களுக்கு முன்னால் நாலே பேர். ஆபீசர் முன்னால் போய் கார்டை நீட்டினான்.

வாசலில் நின்ற பெண் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ஓட்டலா? நேத்து மட்டும் ஏழு கார்டு வந்துச்சு சார். பாப்பாவ இங்க நிக்க வைங்க."

ஆபீசர் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வாண்டுவை இறக்கப் போனேன். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"முதல்ல தரையப் பாருங்க."

காது கேட்டது சரிதானா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சரிதான். மகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் முட்டி போட்டு, உள்ளங்கையால் தடவி, நாலு மூலையும் தட்டினேன். வாசல்காரப் பெண் வாயைப் பிளந்தாள்.

"கெட்டியா இருக்கு. மட்டமும் சரி" என்றேன்.

வாண்டு செருப்பில்லாமல் நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

"லேசா எக்கிக்கோடா செல்லம்" என்று ஆபீசர் கிசுகிசுத்தது கேட்டது.

"மாமா, சும்மா இரு."

எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு குதிகால்கள். ஒரு தாள் நுழையவும் இடமில்லாமல் தரையோடு ஒட்டியிருந்தன. நான் ஒட்டிய எந்த டைலும் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்ததில்லை. மேலே கம்பி கிறீச்சென்று திரும்பி வரும் சத்தம். அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

டொக்.

"ஆ!" என்று தலையைத் தடவிக்கொண்டாள் என் மகள். அந்த இரண்டு குதிகால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு மேலே எழும்பின.