ஆகாத கை

முருகம்மாளின் பூண்டுக் காட்டில் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த வேலுத்தாய், பின்னால் காலடி கேட்டுத் திடுக்கிட்டாள்.

“என்னத்தத் தேடுற வேலுத்தாயி?” என்று கேட்டாள் முருகம்மாள்.

“மந்திரத் தகடு எங்க பொதைச்சு வச்சிருக்கீங்கன்னு பாக்குறேன். எங்க காடு அழுகிக் கெடக்கு. ஒங்களுது மட்டும் செழிக்குது. செய்வினை இல்லாம நடக்குமாக்கா?”

பூம்பாறையில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இருவரும். முதல் பூண்டுப் பல்லைச் சுமங்கலிதான் ஊன்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். தாலி அறுத்தவள் கை ஆகாத கை. அண்ணன் இறந்தபின் மூன்று வருஷம், அதைச் சொல்லியே முருகம்மாளை வரப்பில் நிறுத்திவைத்தாள் வேலுத்தாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் காட்டைப் பிரித்ததும், விவசாய யோசனை சொல்ல வரும் சர்க்கார் ஆள் கிராமசேவக் சொன்னபடி, அழுகல் பிடிக்காமலிருக்க விதைப்பூண்டை மருந்துத் தண்ணீரில் முக்கித் தானே ஊன்றினாள் முருகம்மாள். அது விளைந்துவிட்டது. வேலுத்தாய்க்கு வயிறு எரிந்தது. புருஷன் போனவளுக்கே இப்படி விளைந்தால், புருஷனோடு வாழ்கிறவளுக்கு என்ன மரியாதை?

“தகடு இல்லம்மா, மருந்துதேன். ஒனக்கும் தாரேன்,” என்றாள் முருகம்மாள்.

அடுத்த போகத்தில் வேலுத்தாயின் புருஷன் செல்லப்பாண்டி விதை மூட்டையோடு வந்து நின்றான்; பின்னால் வேலுத்தாயும்.

“மதினி, நீங்க மருந்துல முக்கிக் குடுங்க. மொதப் பல்ல வழக்கப்படி வேலுத்தாயி ஊனட்டும்.”

“மருந்து கலக்க ஆகுற கை, மண்ணுல ஊன ஆகாதோ? மொதப் பல்ல நாந்தேன் ஊனுவேன். இல்லாட்டி மூட்டையத் தூக்கிட்டுப் போங்க தம்பி.”

அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவளுக்கு விளைச்சலும் வேண்டும், வழக்கமும் வேண்டும்.

“சரிக்கா. வெள்ளனே வந்து, ஊரு கண்ணுல படாம ஊனிட்டுப் போயிருங்க.”

விளைந்தால் ஊருக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்று முருகம்மாள் ஒத்துக்கொண்டாள். அங்கேதான் ஏமாந்தாள். அவள் ஊன்றும்போது வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூண்டு திரண்டு விளைந்தது. பிடுங்க வந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

“அந்த மருந்தாலயா வேலுத்தாயி?” என்று கேட்டாள் ராக்காயி.

“மருந்து கெடக்கு. ஊனுன கைதேன் முக்கியம். எல்லாம் எங் கைராசி,” என்றாள் வேலுத்தாய், பக்கத்தில் நின்ற முருகம்மாளைப் பார்க்காமலே.

முருகம்மாள் நடந்ததைச் சொன்னாள். பொறாமையில் பேசுகிறாள் என்றார்கள்.

மறு போகத்துக்கு முதல் பல் ஊன்ற, வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்கு வீடு வேலுத்தாயை அழைத்தார்கள். முருகம்மாளையும் அழைக்காமல் இல்லை. கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள், மருந்து கலக்க.