கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு

பாய்லர்காரரில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலம்மாவுக்கு வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை, மதியம் சரியாக இரண்டு மணிக்கு. வாசல் வழியாக வரவில்லை. கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வந்திருந்தார், கையில் பாதி கடித்த வாழைப்பழத்தோடு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும் மேடம், சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்று மீதியையும் மென்று முடித்து, தோலை எங்கே போடுவது என்று கேட்டார். அவர் செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. திரும்பி வந்து இன்னும் ஒரு நாள் ஆகவில்லை.

நடந்தது இதுதான். காகித ஆலையில் பாய்லர் வெடித்தபோது அவரில் ஒரு சட்டைப் பொத்தான்கூட மிஞ்சவில்லை. நஷ்டஈடு தருகிறோம் என்று ஆலைக்காரர்கள் இறங்கி வந்தும் அவர் மனைவி மசியவில்லை. "காலையில நல்லா இருந்த ஆளை வேலைக்கு அனுப்புனேன். அதே மாதிரி திருப்பி அனுப்பச் சொல்லுங்க. பணத்தை வச்சு நான் என்ன பண்றது?" ஆறு வக்கீல்கள் சிரித்து அனுப்பினார்கள். ஏழாவது ஆளான வக்கீலம்மா சிரிக்கவில்லை. அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கீழே ஆபீஸ், மாடியில் வீடு, வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. கிடைக்காது என்று தெரிந்ததையும் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்று நம்புகிற ஜாதி. சும்மா நடத்தித் தருகிறேன் என்றால் அந்தப் பெண்ணின் ரோஷம் இடம் கொடுக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் அலமாரியிலிருந்து கட்டண ஒப்பந்தப் படிவத்தை எடுத்தார். 'வழக்கில் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலைச் சேரும்' என்று அதில் அச்சாகியிருந்தது. பணமே கேட்காத வழக்கில் தொகை என்று எழுதுவது பொய்யல்லவா? 'கிடைக்கும் தொகையில்' என்ற இரண்டு சொற்களையும் அடித்து 'கிடைப்பதில்' என்று மேலே எழுதினார். ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட்டார்கள். ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, ஒன்றும் வாங்கவும் வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று அவர் கண்டாரா?

ஓய்வு பெற நான்கு நாள் இருந்த நீதிபதி, உடலும் இல்லை, சாவை நிரூபித்தவரும் இல்லை, ஆகவே ஆலை தன் தொழிலாளியை முப்பது நாளுக்குள் வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். ஆலை தடை உத்தரவுக்கு அலைந்து பார்த்தது, கிடைக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் காலையில் கேட் திறந்தது. பாய்லர்காரர் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் மழித்து, வெளியே வந்தார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. உத்தரவு நிறைவேறிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு அவர் இருந்த இடத்தில் இருக்க மாட்டார். காதில் சோப்பு நுரை இருக்கும், ஒரு காலில் மட்டும் செருப்பு இருக்கும், பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார். இரவு பத்து அடித்ததும் வீட்டில் இருப்பார். இருபத்து நாலில் எட்டு. ஆலையில் வேலை பார்த்த மனுஷனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. "ரெண்டாவது ஷிப்டு" என்று சொல்லிக்கொண்டார். ஊர் வேறு பலதும் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சொன்ன எதுவும் நடக்கவில்லை. அவர் ஜன்னல் கொண்டியைச் சரி செய்தார், மின்விசிறியின் முனகலை நிறுத்தினார், கட்டு அவிழ்ந்த கேஸ் கட்டுகளையெல்லாம் நூல் போட்டு இறுக்கினார். கட்சிக்காரர்கள் போன பிறகு, நீராவிக்கு எவ்வளவு கோபம் வரலாம் என்று அவர் சொல்ல, வக்கீலம்மா கேட்டுக்கொண்டிருப்பார். சட்டத்தில் உள்ள அசட்டுத்தனங்களை வக்கீலம்மா சொன்னால் அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். விளக்குப் போட்ட பிறகு அந்த அறையில், ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குவதற்காக அல்லாமல், ஒருவர் பேசி முப்பது வருஷம் ஆகியிருந்தது. வக்கீலம்மா சந்தோஷமாக இருந்தார். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

இரண்டாவது மாதம் மனைவி வந்தாள். ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி வரவில்லை. "முன்னாடியும் எட்டு மணி நேரத்தை ஆலைக்குத்தானே கொடுத்தேன். இப்ப உங்களுக்குக் கொடுக்கிறேன், அது உங்க கூலி. ஷிப்டை மட்டும் மாத்திக்குங்கம்மா. காலையில ஆறுலேருந்து ரெண்டு வரைக்கும் வச்சுக்குங்க. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா வீட்டுல இருக்கட்டும். அதுக்கு ஆறு வயசு. அவரு தூங்கறதையும் குளிக்கறதையும்தான் பார்க்குது."

ஒரு வரி, இரண்டு கையெழுத்து. கால் மணி நேர வேலை. காலையில் வக்கீலம்மா கோர்ட்டில் இருப்பார். பூட்டிய அறையில் பாய்லர்காரர் தனியாக உட்கார்ந்திருப்பார். வக்கீலம்மா நாட்காட்டியைப் பார்த்தார். "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்றார்.

வாய்தா வாங்கியே வயிறு வளர்க்கிற வக்கீல்களை வாழ்நாள் முழுவதும் வாயாரத் திட்டியவர் அவர். அடுத்த மாதம் குமாஸ்தா லீவு என்றார். அதற்கடுத்து கோர்ட் விடுமுறை என்றார். பிறகு முத்திரைத்தாள் தீர்ந்துவிட்டது. "பாப்பா கேட்குது மேடம்" என்று பாய்லர்காரர் ஒரே ஒரு தடவை சொன்னார். "ஆகட்டும், பண்ணிடலாம்" என்று வக்கீலம்மா வேறு பக்கம் பார்த்தார். மாதம் தவறாமல் வந்த மனைவி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாள், பிறகு வருவதை நிறுத்தினாள். பாப்பாவுக்குப் பல் விழுந்து முளைத்தது, சைக்கிள் விடப் பழகியது, ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியது. எல்லாம் இரண்டுக்கும் பத்துக்கும் நடுவில்.

ஏழாவது வருஷம், ஒரு காலை பதினோரு மணிக்கு, பாய்லர்காரர் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை உடல் இருந்தது. வழக்குப் போட வழியில்லை. அன்று மதியம் இரண்டு மணிக்கு, ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்த வக்கீலம்மாவுக்கு அழுகை வந்தது. தகவலே இன்னும் வந்து சேரவில்லை. பத்து மணி வரை அழுதார். பத்து அடித்ததும் கண் காய்ந்தது, பசித்தது. மறுநாளும் அப்படியே.

அங்கே மனைவிக்கு இரண்டு மணி ஆனால் குழாயைத் திருகினது போலக் கண்ணீர் நின்றுவிடும். துக்கம் கேட்க மாலையில் வந்தவர்களிடம் அவள் தண்ணீர் வரியைப் பற்றிப் பேசினாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பதிமூன்று வயது மகள் ஒருநாள் கேட்டாள். "ஏம்மா, சாயங்காலம் ஆனா உனக்கு அப்பா நினைப்பே வராதா?"

மறுநாள் மூன்றரை மணிக்கு மனைவி ஆபீஸுக்கு வந்தாள். வக்கீலம்மா மேஜையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார். மனைவி காய்ந்த கண்ணோடு எதிரே நின்றாள்.

"அவரைத்தான் முழுசா விடல நீங்க. என் அழுகையையாவது முழுசா கொடுத்துடுங்கம்மா. பாப்பா பக்கத்துல உக்கார்ந்து நான் அழணும்."

வக்கீலம்மா நாட்காட்டியைப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, 'இனி கிடைப்பதில் எனக்குப் பங்கில்லை' என்று கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் கீழே மனைவி தன் பெயரின் கடைசி எழுத்தைப் போடுவதற்குள் அவளுக்கு உடைந்துவிட்டது. வாய்விட்டு அழுதபடியே தெருவில் இறங்கி, மகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் என்று வீட்டைப் பார்த்து ஓடினாள்.

வக்கீலம்மாவின் கன்னத்தில் இருந்த ஈரம் காற்றில் உலர்ந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். மதியத்தில் சில நாள் பேனாவை வைத்துவிட்டு பாய்லர்காரரை நினைத்துப் பார்ப்பார். பேசியது, சிரித்தது, தொடையில் தட்டியது, எல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வரும். வருத்தப்பட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது தன் பங்கில் இல்லை. அடுத்த கட்சிக்காரரை உள்ளே கூப்பிடுவார்.